மனைவி மீட்ட சிரிப்பு

உங்கள் வீட்டுப் பரண்மேல் பழைய வீடியோ காஸெட்டுகள் ஏதாவது கிடக்கின்றனவா, சகோதரி? அவற்றில் ஒன்றின்மேல், 'நாத்தனார் கல்யாணம் - யாரும் அழிக்கக் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறதா? அப்படியானால் அந்தக் கல்யாணம் அநேகமாகப் பாதியில் நின்று போயிருக்கும்! மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுப்பார், கெட்டிமேளம் முழங்கும், அடுத்த கணம் ஷார்ஜாவில் யாரோ பந்து போட ஓடி வந்துகொண்டிருப்பார். காலி காஸெட் கிடைக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு ஆண்பிள்ளை யாரோ அவசரத்துக்குச் செய்த கைங்கரியம் அது. செய்தவர் இன்று வரை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

இதற்காக நீங்கள் ரொம்பவும் மனம் நொந்துகொள்ள வேண்டாம். உலகத்தின் பெரிய பெரிய டெலிவிஷன் ஸ்தாபனங்களெல்லாம் இதே காரியத்தைத்தான் செய்திருக்கின்றன. நாத்தனார் கல்யாணத்தையாவது வீட்டார் நாலு பேர் பார்த்தார்கள். அந்த ஸ்தாபனங்கள் அழித்தவை, லட்சக்கணக்கான ஜனங்கள் வாரா வாரம் காத்திருந்து பார்த்து, வயிறு குலுங்கச் சிரித்த ஹாஸ்ய நாடகங்கள்.

ராஜாவின் பட்டாபிஷேகம், ஜனாதிபதியின் பிரசங்கம், யுத்தச் செய்தி, இவற்றையெல்லாம் பூட்டிப் பத்திரப்படுத்துவதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. சிரிப்பு மட்டும் அன்றன்றைக்குச் சமைத்த சமையல் மாதிரி. சாப்பிட்டாயிற்று, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று; நாளைக்கு வேறு சமைத்துக் கொள்ளலாம்! அப்படித்தான் நினைத்தார்கள். அந்த நினைப்பை மறுத்து, 'இது என் வீட்டுச் சொத்து, தொடாதே!' என்று நடுவில் நின்ற ஒரு பெண்மணியின் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

சுருட்டும் மீசையும்

அமெரிக்காவில் எர்னி கோவாக்ஸ் என்று ஒரு ஹாஸ்ய நடிகர் இருந்தார். 1919-ல் பிறந்தவர். அடர்ந்த மீசை, வாயில் எப்போதும் ஒரு பெரிய சுருட்டு. 1950-களில் டெலிவிஷன் என்பது அங்கேயே புதுசு. மற்ற நடிகர்களெல்லாம் மேடையில் செய்த தமாஷைக் காமிராவின் முன்னால் வந்து அப்படியே செய்துகொண்டிருந்தார்கள். கோவாக்ஸ் ஒருவர்தான் காமிராவையே தமாஷ் செய்ய வைக்கலாம் என்று கண்டுபிடித்தார்.

ஓர் உதாரணம் பாருங்கள். 1957-ல் அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்றை ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நடத்தினார். ஓர் அப்பாவி மனிதர் மேஜைமுன் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிறார். ஒரு பழத்தை எடுத்து மேஜைமேல் வைக்கிறார். அது தானாக உருண்டு ஓடுகிறது! குடுவையிலிருந்து பாலை ஊற்றினால், நேரே கீழே விழ வேண்டிய பால் சாய்வாகப் போய்க் கோப்பைக்கு வெளியே விழுகிறது. மனிதர் திருதிருவென்று விழிக்கிறார். பார்க்கிறவர்களுக்கோ தலைகால் புரியவில்லை. ரகசியம் இவ்வளவுதான்: மேஜை, நாற்காலி, அறை எல்லாவற்றையும் சாய்வாகக் கட்டிவிட்டுக் காமிராவையும் அதே அளவு சாய்த்து வைத்துவிட்டார். கண்ணுக்கு எல்லாம் நேராகத் தெரியும். பூமியின் ஈர்ப்பு சக்திக்கு மட்டும் உண்மை தெரியும்!

இன்னொன்று, மூன்று குரங்கு முகமூடிகள் நடத்தும் வாத்தியக் கச்சேரி. மூன்றுக்கும் நீள அங்கி, தலையில் தொப்பி. தாளம் தவறாமல் வாசித்துக்கொண்டே வரும். வாசிப்பின் நடுவில் ஒரு குரங்கு அடுத்த குரங்கின் மண்டையில் கோலால் 'டொக்' என்று ஒன்று போடும். அடி வாங்கியது மெதுவாகத் திரும்பி முறைக்கும். அடித்தது ஒன்றும் அறியாததுபோல் ஆகாயத்தைப் பார்க்கும். இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்!

அந்தக் கச்சேரியில் பியானோ வாசித்த குரங்கு முகமூடிக்குள் பெரும்பாலும் இருந்தவர் கோவாக்ஸின் மனைவி. பெயர் ஈடி ஆடம்ஸ். ஜூலியார்ட் என்ற பிரசித்தி பெற்ற சங்கீதக் கல்லூரியில் முறையாகப் பயின்றவர். 1951-ல் பிலடெல்பியாவில் கோவாக்ஸின் நிகழ்ச்சியில் பாடகியாக வந்து சேர்ந்தார்; 1954-ல் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். முகமூடி போட்டுக்கொண்டால் பெயரும் தெரியாது, முகமும் தெரியாது. ஆனால் கச்சேரி கெட்டுப் போகாமல் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். குடித்தனம் நடத்துகிற எந்தப் பெண்ணுக்கும் இந்த வேஷம் புரியும்!

பத்து நாள் முன்பு

1962 ஜனவரி 13-ம் தேதி அதிகாலை. லாஸ் ஏஞ்சல்ஸில் நண்பர் வீட்டு விருந்திலிருந்து கோவாக்ஸ் தனியாகக் காரில் திரும்பி வந்துகொண்டிருந்தார். சாலையில் கார் நிலைகுலைந்து கம்பத்தில் மோதியது. அந்த இடத்திலேயே முடிந்து போயிற்று. அவருடைய நாற்பத்து மூன்றாவது பிறந்த நாளுக்குப் பத்து நாட்கள் இருந்தன.

மனிதர் சம்பாதித்ததில் குறைவில்லை. ஆனால் செலவழித்ததற்கும் சூதாடியதற்கும் கணக்கில்லை. வருமான வரி என்ற வார்த்தையையே அவர் ஒரு தமாஷாகத்தான் கருதினார்போல் இருக்கிறது. லட்சக்கணக்கான டாலர் பாக்கி! சிறு குழந்தையாக ஒரு மகள், மூத்த தாரத்துக்குப் பிறந்த இரண்டு பெண்கள், தலைக்கு மேல் கடன். அந்த இரண்டு பெண்களையும் கேட்டு அவர்களைப் பெற்றவள் கோர்ட்டுக்குப் போனாள். ஈடி ஆடம்ஸ் வழக்காடி, தான் பெறாத அந்தப் பெண்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

ஹாலிவுட்டின் பெரிய நட்சத்திரங்கள் சேர்ந்து, நிதி உதவி நிகழ்ச்சி ஒன்று நடத்திக் கடனை அடைத்துவிடுகிறோம் என்று முன்வந்தார்கள். அவர் கும்பிடு போட்டு மறுத்துவிட்டார். 'என் குழந்தைகளை நான் பார்த்துக்கொள்வேன்' என்பதுதான் அவர் நிலை. இரவு விடுதிகளில் பாடினார்; சினிமாவில் நடித்தார்; சுருட்டுக் கம்பெனி விளம்பரத்தில்கூட வந்தார். கணவரின் கடன் முழுவதையும் தம் உழைப்பால் அடைத்தார்.

இவ்வளவு தொல்லைக்கு நடுவில்தான் இன்னொரு சேதி அவர் காதுக்கு எட்டியது. கணவரின் நிகழ்ச்சிகள் பதிவாகியிருந்த டேப்புகளை டெலிவிஷன் கம்பெனியார் அழித்து, வேறு நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்! வீடியோ டேப் 1956-ல் வந்த புதுச் சரக்கு. விலை அதிகம். அழித்து அழித்து எழுதலாம் என்பதுதான் அதன் பெருமை. அதுவே எமனாகவும் ஆயிற்று. அதற்கு முந்திய நிகழ்ச்சிகளின் கதியும் இதுதான். அப்போதெல்லாம் நாடகம் நேரடியாகப் போகும். டெலிவிஷன் திரைக்கு எதிரே ஒரு சினிமாக் காமிராவை வைத்துப் பிலிமில் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பிலிம் சுருள்கள் கிடங்கை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன என்று அலுத்துக்கொள்வார்கள்.

ஈடி ஆடம்ஸ் என்ன செய்தார் தெரியுமா? அழுதுகொண்டு உட்காரவில்லை. இன்ஷியூரன்ஸ் பணத்தையும் தாம் சம்பாதித்ததையும் போட்டு, மிஞ்சியிருந்த டேப்புகளையும் பிலிம்களையும் அவற்றின் உரிமையையும் விலை கொடுத்து வாங்கினார். கணவருடைய சிரிப்பை மனைவி காசு கொடுத்து வாங்கி வைத்தார்! கடன்காரர்கள் வாசலில் நிற்கும்போது இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று ஊரார் சொல்லியிருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். நம் பாட்டிமார்கள் நகையை விற்ற காலத்திலும் தாத்தாவின் தம்பூராவை விற்காமல் வைத்திருந்த வீடுகள் உண்டு. அந்த ஜாதிப் பைத்தியம்தான் இது.

1996-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தார் டெலிவிஷன் நிகழ்ச்சிகளைக் காப்பாற்றுவது பற்றி விசாரணை நடத்தினார்கள். அங்கே வந்து சாட்சி சொன்னவர்களில் ஈடி ஆடம்ஸும் ஒருவர். டூமாண்ட் என்று ஒரு டெலிவிஷன் கம்பெனி 1956-ல் மூடப்பட்டிருந்தது. அதன் பழைய பிலிம்களைச் சேமித்து வைக்கும் செலவை யார் ஏற்பது என்று 1970-களில் தகராறு வந்ததாம். ஒரு நாள் இரவு மூன்று லாரிகளில் ஏற்றிக்கொண்டு போய் நியூயார்க் துறைமுகக் கடலில் கொட்டிவிட்டார்கள் என்று அவர் சொன்னார். நாம் சமுத்திர ஸ்நானம் செய்வது பாபத்தைத் தொலைக்க. அவர்கள் தொலைத்தது தங்கள் ஊரின் சிரிப்பை!

ஈடி ஆடம்ஸ் 2008-ல் காலமானார். அவர் காப்பாற்றி வைத்தவற்றிலிருந்து 2011-ல் கோவாக்ஸின் நிகழ்ச்சிகள் டி.வி.டி. தொகுப்பாக வெளிவந்தன. 2015-ல் பிலிம்களும் டேப்புகளுமாக 1,200-க்கு மேற்பட்ட உருப்படிகள் காங்கிரஸ் நூலகத்துக்கே போய்ச் சேர்ந்தன. பால் சாய்வாக விழுகிற அந்தக் காட்சியை இன்று பார்க்கிற சின்னப் பையனும் சிரிக்கிறான். அவன் சிரிப்புக்குப் பணம் கட்டியவர் ஒரு விதவைத் தாய்.

சம்பளத்தை விட்டுக்கொடுத்தவள்

முன்யோசனையோடு நடந்துகொண்டவர்களும் உண்டு. லூசில் பால் என்ற நடிகையின் பெயர் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1951 அக்டோபரில் ஆரம்பமான 'ஐ லவ் லூசி' என்ற நாடகத்தில் அவரும் அவர் கணவர் டெசி அர்னாஸும் புருஷன் பெண்டாட்டியாகவே நடித்தார்கள். ஒன்றும் தெரியாத பெண்போல எல்லா விஷயத்திலும் மூக்கை நுழைத்து, வம்பில் மாட்டிக்கொண்டு, கடைசியில் கணவனிடம் அசடு வழிய நிற்பது லூசியின் வேஷம். வேஷத்தில்தான் அசடு, வியாபாரத்தில் அல்ல!

கம்பெனியாரும் விளம்பரதாரரும், 'நியூயார்க்குக்கு வந்து நேரடியாக நடியுங்கள்' என்றார்கள். தம்பதிகள், 'ஹாலிவுட்டை விட்டு வரமாட்டோம். சினிமா மாதிரி நல்ல பிலிமில் எடுப்போம்' என்றார்கள். செலவு அதிகமாகுமே! 'வாரத்துக்கு 1,000 டாலர் சம்பளத்தைக் குறைத்துக்கொள்கிறோம். அதற்குப் பதிலாக, எடுக்கிற பிலிம் எங்களுக்குச் சொந்தமாக இருக்கட்டும்' என்று ஒப்பந்தம் பேசினார்கள். கம்பெனியார் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு தரம் காட்டி முடிந்த நாடகத்தை யார் மறுபடி பார்க்கப் போகிறார்கள் என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கு எப்படிப் பொய்த்தது என்பதை ஊரே பார்த்தது. 1953 ஜனவரி 19-ம் தேதி, லூசிக்குக் குழந்தை பிறக்கும் கதையை அமெரிக்காவில் சுமார் நாலேகால் கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். லூசில் பாலுக்கு நிஜமாகவே ஆண் குழந்தை பிறந்ததும் அன்றைக்கேதான்! இதில் ஒரு வேடிக்கை. 'கர்ப்பம்' என்ற வார்த்தையை உச்சரிக்கக் கூடாது என்று கம்பெனியார் தடை விதித்திருந்தார்கள். வயிறு தெரியலாம், வார்த்தை தெரியக் கூடாது! பிரசவ ஓய்வுக் காலத்தில் புது நாடகம் இல்லாதபோது பழைய பிலிம்களைத் திரும்பப் போட்டார்கள். ஜனங்கள் கோபித்துக்கொள்ளவில்லை, மறுபடியும் உட்கார்ந்து சிரித்தார்கள். டெலிவிஷனில் 'மறு ஒளிபரப்பு' என்ற பெரிய வியாபாரம் அந்தப் பிரசவ வீட்டில்தான் ஊன்றிக்கொண்டது எனலாம்.

லூசியின் நாடகங்கள் இன்றும் பளிச்சென்று இருப்பதற்குக் காரணம் அந்தச் சம்பள விட்டுக்கொடுப்புதான். ஒரே ஒரு குறை. 1951 மார்ச்சில் மாதிரிக்காக எடுத்த முதல் நாடகம் மட்டும் சுமார் நாற்பது வருஷம் காணாமல் போயிருந்தது. அதில் பெப்பிட்டோ என்ற சர்க்கஸ் கோமாளி நடித்திருந்தார். அதன் பிரதி ஒன்று அவர் வீட்டில் இருந்தது. 1989-ல் அதை வெளியே எடுத்துக் கொடுத்தவர் யார் தெரியுமா? பெப்பிட்டோவின் மனைவி! 1990-ல் அது ஒளிபரப்பாயிற்று. பரண்மேல் போட்டு வைக்கிறவர்களைக் கேலி செய்யும் கணவன்மார்கள் இந்தப் பாராவை இரண்டு தரம் படிக்கலாம்.

ஒரே ஒரு ஷரத்து

பழைய நாடகங்கள் மறுபடி வெளிவர வேண்டும் என்று நாம் கேட்பது நம் சந்தோஷத்துக்காக மட்டும் அல்ல. நடித்தவர்களின் வயிற்றுப் பாடும் அதில் இருக்கிறது.

'ஹனிமூனர்ஸ்' என்று ஒரு நாடகம். பஸ் டிரைவர் ஒருவர், அவர் மனைவி, மாடி வீட்டுத் தம்பதிகள், இவர்களின் கதை. டிரைவராக ஜாக்கி கிளீசன். அவர் போடுகிற கூச்சலுக்கெல்லாம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரே வார்த்தையில் பதில் சொல்லி அடக்குகிற மனைவி ஆலிஸாக ஆட்ரி மெடோஸ். 1955-56-ல் வந்த அதன் 39 நாடகங்களைப் பல பத்தாண்டுகளாகத் திருப்பித் திருப்பிப் போட்டு வந்தார்கள். நடிகர்களுக்கு அதில் காசு உண்டா? ஒப்பந்தத்தில் இருந்தால்தானே! ஆட்ரி மெடோஸுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் பணம் வந்துகொண்டிருந்தது. அவருடைய சகோதரர் வக்கீல். தங்கை கையெழுத்துப் போடுமுன் அந்த ஒரு ஷரத்தைச் சேர்த்து எழுத வைத்துவிட்டார். மாடி வீட்டு மனைவியாக நடித்த ஜாய்ஸ் ராண்டால்ஃபுக்கு அப்படி ஓர் அண்ணன் வாய்க்கவில்லை. கிளீசன் தம் பெட்டகத்தில் வைத்திருந்த வேறு பழைய பதிவுகள் 1985-ல் வெளிவந்த பிறகுதான் அந்த அம்மாளுக்கு மறு ஒளிபரப்புப் பணம் என்று ஒன்று கண்ணில் பட்டது. கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்து!

அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? லண்டன் பி.பி.சி.யில் 1978 வரை நிகழ்ச்சிகளையெல்லாம் பாதுகாக்க வேண்டும் என்ற திட்டமான ஏற்பாடே கிடையாது. பீட்டர் குக், டட்லி மூர் என்ற இரட்டையர் 1960-களில் நடத்திய 'நாட் ஒன்லி, பட் ஆல்ஸோ' என்ற நிகழ்ச்சியின் பெரும் பகுதியை அழித்துவிட்டார்கள். 'டேப்புக்கு உரிய விலையை நானே தருகிறேன், அழிக்காதீர்கள்' என்று பீட்டர் குக் கேட்டுப் பார்த்தார். பலிக்கவில்லை.

காயலான் கடை வைத்திருக்கும் அப்பனும் பிள்ளையும் நாள் முழுவதும் சண்டை போடுவதுதான் 'ஸ்டெப்டோ அண்ட் ஸன்'. 1970-ல் கலரில் எடுத்த அதன் நாடகங்கள் இன்று பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில்தான் கிடைக்கின்றன. மூலத்தை அழித்துவிட்டார்கள்; கதை எழுதிய கால்ட்டன், சிம்ப்ஸன் இருவரும் தங்களுக்கென்று வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் பிரதிகள்தான் பிழைத்தன. காயலான் கடைக்காரர் கதையையே காயலான் கடைக்குப் போட்டார்கள் என்றால், இதைவிடத் தமாஷை எந்த ஆசிரியர் எழுத முடியும்? 'டாட்ஸ் ஆர்மி' என்ற நாடகத்தின் 80 கதைகளில் ஐந்து காணாமல் போய், 2001-ல் இரண்டு மட்டும் திரும்பி வந்தன. மிச்சம் மூன்றையும் 2019-ல் புது நடிகர்களை வைத்து மறுபடி எடுத்தார்கள். காணாமல் போன அப்பளக் குழவிக்குப் பதில் புதுசு வாங்கலாம். பாட்டி கைபட்ட பழசு ஆகுமா?

நம் வீட்டுக் கூடத்தில்

சென்னையில் டெலிவிஷன் நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் வந்தது. எண்பதுகளில் தெருவுக்கு இரண்டு வீட்டில் பெட்டி இருக்கும். கூடத்தில் பாய் போட்டுத் தெருவே உட்கார்ந்திருக்கும். 1984-ல் தூர்தர்ஷனில் 'யே ஜோ ஹை ஜிந்தகி' வந்தது. ஹாஸ்ய எழுத்தாளர் சரத் ஜோஷி எழுத, குந்தன் ஷா முதலியோர் இயக்கினார்கள். சதீஷ் ஷா என்ற நடிகர் வாரத்துக்கு ஒரு வேஷத்தில் வருவார். ஹிந்தி தெரியாத நம் வீடுகளில்கூட, இந்த வாரம் என்ன மீசை, என்ன பாஷை என்று பார்ப்பதற்காகவே உட்கார்ந்தார்கள். புரிந்த ஒருவர் விளக்கம் சொல்லுமுன் மற்றவர்கள் சிரித்து முடித்துவிடுவார்கள்!

1986-ல் மால்குடி வந்தது. ஆர்.கே. நாராயண் சென்னையில் பிறந்தவர். படம் வரைந்த தம்பி லட்சுமணனும், சங்கீதம் அமைத்த எல். வைத்தியநாதனும் நமக்கு அந்நியர்கள் அல்ல. சங்கர் நாக் அதைக் கர்நாடகத்து ஆகும்பேயில் எடுத்தார். 1988-ல் அதே லட்சுமணனின் மனசிலிருந்து 'வாக்லே' என்ற குமாஸ்தா புறப்பட்டு வந்தார். 1989-ல் ஜஸ்பால் பட்டியின் 'ஃப்ளாப் ஷோ' வந்தது. பத்தே பத்து நாடகங்கள். பொய் மருத்துவ பில்லும், உயிர் போன டெலிபோனும், ஆராய்ச்சி மாணவனை வீட்டு வேலைக்காரனாக்கும் பேராசிரியரும் அதில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதைத் தயாரித்தவரும் மனைவி வேஷத்தில் நடித்தவரும் அவர் மனைவி சவிதாதான். தமிழில், தேவன் எழுதிய துப்பறியும் சாம்புவாகக் காத்தாடி ராமமூர்த்தி சென்னைத் தூர்தர்ஷனில் வந்ததை நினைத்தால், அந்த மூக்கும் அசட்டு விழிப்பும் இன்னும் கண்ணில் நிற்கின்றன என்பீர்கள்.

இவையெல்லாம் மீண்டும் வருமா? நம்பிக்கை கொள்ள இடம் இருக்கிறது. 2020-ல் ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது தூர்தர்ஷனார் ராமாயணத்தை மறுபடி போட்டார்கள். கூடவே 'தேக் பாய் தேக்' போன்ற பழைய ஹாஸ்யத் தொடர்களும் வந்தன. பயந்து கிடந்த ஜனங்களுக்கு எது தேவை என்று அப்போது தெரிந்தது. 2021-ல் ஒரு தனியார் சானலில் வாக்லேயின் கதை புதிதாக ஆரம்பமாயிற்று. பழைய வாக்லே தம்பதியாக நடித்த அஞ்சன் ஸ்ரீவாஸ்தவும் பாரதி ஆச்ரேகரும் அதில் தாத்தா பாட்டியாக வந்தார்கள். 2024 நவம்பரில் பிரசார் பாரதியார் 'வேவ்ஸ்' என்ற இணையத் திரையைத் தொடங்கி, பெட்டகத்திலிருந்து பழைய தொடர்களை எடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் டேப் இருந்துவிட்டால் மட்டும் போதாது. 'டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி' என்ற அமெரிக்கத் தொடர், ஒரு ரேடியோ நிலையத்தின் கதை. நாடகம் முழுக்க நிஜ இசைத்தட்டுகள் ஒலிக்கும். 2007-ல் டி.வி.டி. போடும்போது பாட்டுகளின் உரிமைத் தொகை மலைபோல் நின்றதால், பல பாட்டுகளை எடுத்துவிட்டு வேறு எதையோ ஒட்டினார்கள். ரசிகர்கள் விடவில்லை. 2014-ல் வேறொரு கம்பெனி பெரும்பாலான பாட்டுகளைத் திரும்பச் சேர்த்து வெளியிட்டது. கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தால் கதவு திறக்கிறது.

ஆகையால், சகோதரிகளே, இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று, உங்களுக்குப் பிடித்த பழைய தமிழ் ஹாஸ்யத் தொடரின் பெயரைச் சொல்லி, அதை மறுபடி போடும்படி நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். யாரும் கேட்காத டேப்பைத்தான் கிடங்கில் முதலில் தள்ளுவார்கள். கேட்கும்போது, நடித்தவர்களுக்கும் எழுதியவர்களின் குடும்பத்துக்கும் பங்கு போகட்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஆட்ரி மெடோஸின் அண்ணன் உங்களை ஆசீர்வதிப்பார்.

இரண்டாவது, அந்தப் பரணைப் பாருங்கள். வீட்டில் பதிவு செய்த காஸெட்டில் நிலையத்தாரிடமே இல்லாத நாடகம் இருக்கலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் காஸெட்டுக்குள் வெள்ளையாகப் பூஞ்சணம் பூக்கும். அப்படித் தெரிந்தால் எந்த யந்திரத்திலும் போட்டுப் பார்க்காதீர்கள். டேப்பும் கெடும், யந்திரமும் கெடும். சுத்தம் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறவர்களிடம் கொடுங்கள். தள்ளிப் போடவும் வேண்டாம். வீடியோ யந்திரம் செய்துகொண்டிருந்த கடைசி ஜப்பானியக் கம்பெனியும் 2016-ல் நிறுத்திவிட்டது. ஓடுகிற யந்திரம் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டு வருகிறது. ஏற்றி முடித்த பிறகும் மூலக் காஸெட்டைத் தூக்கி எறியாமல், நிமிர்த்தி வைத்து, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள்.

'இந்தக் குப்பையை எதற்கு இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறாய்?' என்று வீட்டில் யாராவது கேட்டால், ஈடி ஆடம்ஸின் கதையைச் சொல்லுங்கள். அதற்கும் மசியாவிட்டால், நாத்தனார் கல்யாணத்தின்மேல் கிரிக்கெட் மாட்ச் பிடித்தது யார் என்று நிதானமாக ஒரு தரம் விசாரியுங்கள். அப்புறம் அந்தப் பேச்சே எழாது!